நிவேதாவின் அப்பா ஏன் சாப்பிடவில்லை

மகனே,

போனில் நீ கத்தியதும், நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொன்னதும் முந்தாநாள். அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் சரியாக உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். வாசலில் நின்றால் உள்ளே எதையோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வருகிறேன். "ஒரு எடத்துல குந்தேன்யா, உன்னப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்கிறாள் உன் அம்மா. குந்துவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். எழுத ஆரம்பித்துவிட்டால் நான் எங்கேயும் போக முடியாது. ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுகிறது. போன வருஷம் வரை கட்டைவிரலை மையில் அமுக்கியவன் இப்போது பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்கிற சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. இவ்வளவு கவலையாலும் அதைத் தின்று தீர்க்க முடியவில்லை. சாயங்கால வகுப்பு டீச்சர் எல்லா எழுத்தையும் சொல்லிக் கொடுத்தார். எனக்கு 'ஞ' மேல் தனி ஆசை. ஆனால் அதைப் போட வாய்ப்பு அதிகம் கிடைப்பதில்லை. நல்லவேளை, நீ கட்டிக்கொள்ளப்போகிற நிவேதாவின் வீட்டார் நம் வீட்டுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை.

அன்று சாயங்காலம் நீ கேட்டதும் "நல்லா நடந்துச்சி, எல்லாரும் சாப்ட்டாங்க" என்று சொன்னேன். அது பொய். போனில் பேசும்போது எனக்கு அப்படித்தான் வருகிறது. எதிராளி எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ அதை வாய் முந்திக்கொண்டு சொல்லிவிடும். எழுத்தில் அது முடியாது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு ஒரு பொய்யை எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடித்ததும் அம்மா படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் நிவேதாவின் அப்பாவுக்குப் போன் போட்டு, "எங்க வீட்ல கை நனைக்க உங்களுக்கு இன்னா கஷ்டம்" என்று கேட்கப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும். அதுதான் என் அவசரம்.

முதலில் அவர்கள் சொல்லி அனுப்பியது. "வீடு பாக்க வர்றோம். ஆனா பேசி முடியற வரைக்கும் கை நனைக்க மாட்டோம். தண்ணி, காபியோட சரி." இது எல்லா ஜனங்களிடமும் இருக்கிற வழக்கம்தான். பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகாத வீட்டில் சாப்பிட்டுவிட்டால், சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் நீ பூனாவில் இருந்துகொண்டு ஒரு யோசனை சொன்னாய். இலை போட்டு உட்காரச் சொன்னால்தான் மாட்டோம் என்பார்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் இனிப்பு வைத்து, சுற்றிலும் பழத் துண்டும் பிஸ்கட்டும் முறுக்கும் வைத்துவிட்டால், பேச்சு வாக்கில் கை தானாகப் போகும், சாப்பிட்டோம் என்று தெரியாமலே சாப்பிடுவார்கள் என்றாய். உன் ரூமில் பையன்கள் எல்லாரும் கூடினால் இதைத்தான் செய்வீர்களாம். அதற்கு டிப் என்று பெயராம். உன் அம்மா கேட்டாளே, "சட்னியில வெல்லத்தப் போட்டா டிப்பாடா?" என்று. சிரித்தாலும் அவளுக்கும் உன் யோசனை பிடித்திருந்தது. இனிப்பு ஒரு வாய் போய்விட்டால் மீதிப் பேச்சு சுலபம் என்று மூன்று பேரும் நினைத்தோம்.

நீ வீடியோவில் காட்டியபடி நானே செய்தேன். கெட்டித் தயிரைத் துணியில் மூட்டை கட்டி, தண்ணீர் வடிய குழாயில் தொங்கவிட்டேன். வேர்க்கடலையை வறுத்து, தோலைத் தேய்த்து ஊதி, மிக்சியில் எண்ணெய் விடுகிற வரை அரைத்தேன். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி லேசாகக் காய்ச்சினேன். மூன்றையும் கலந்து ஏலக்காய் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்கு இருந்த பரபரப்பில் பாகு ஆறுவதற்குள் ஊற்றிவிட்டேன். தயிர் திரிந்து தண்ணீர் தனியாக, திப்பி தனியாக நின்றது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "சம்பந்திக்குப் பண்றேன்னு மாட்டுக்குக் கழுநீர் கலக்கிட்ட" என்றாள். மறுபடி தயிர் வாங்கி, மறுபடி தொங்கவிட்டு, இரண்டாவது தடவை வெல்லப் பாகை விசிறியால் விசிறி ஆறவைத்துக் கலந்தேன். சந்தனம் மாதிரி வந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நீயும் செய்யும்போது பாகு ஆறிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்று. அவசரம் எதைக் கெடுக்காவிட்டாலும் தயிரைக் கெடுத்துவிடும்.

இனி நான் செய்த தப்பு. நிவேதாவின் ஊர் பூந்தமல்லியைத் தாண்டி இருக்கிறது என்று நீ சொன்ன அன்றே எனக்கு அந்த ஊர் தெரியும். என் அம்மா அங்கே நடவுக்குப் போனவள். நானும் களை பிடுங்கப் போயிருக்கிறேன். மத்தியானம் கூழ் ஊற்றுவார்கள். கூழ் வாங்குகிற ஏனம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊற்றிவிட்டு அவர்கள் நகர்ந்த பிறகு போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊற்றியது இவர்கள் வீட்டு ஆளா, வேறு வீட்டு ஆளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நிவேதாவின் அப்பா அப்போது பிறந்தாரோ இல்லையோ. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அவர்கள் வரப்போகிறார்கள் என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் புதுசாகப் பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் வாங்கி வந்தேன். நீ சொன்ன ஒரே கிண்ணத்தை உள்ளேயே வைத்துவிட்டு, அவர்கள் மூன்று பேருக்கும் தனித்தனிக் கப்பில் டிப்பை ஊற்றி, தனித்தனித் தட்டில் பழத்தை வைத்தேன். நம் வீட்டுப் பாத்திரத்தில் சாப்பிடச் சங்கடப்படுவார்களோ என்று நானே நினைத்து, அந்தச் சங்கடம் வராமல் வழி செய்தேன். அதை மரியாதை என்றும் நினைத்துக்கொண்டேன். உன்னிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். நிவேதாவின் அப்பா, அம்மா, அப்பாவுக்கு அக்கா. அந்த அக்காதான் அந்த வீட்டில் எல்லாம் என்பது அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டிவரை ஏறிப் பார்த்தார்கள். வந்து உட்கார்ந்ததும் நான் கப்புகளை நீட்டினேன். எனக்கும் அம்மாவுக்கும் நம் எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. அந்த அக்கா கப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது? எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பு? உங்க ஊட்ல கிண்ணம் இல்லியா?"

"நெறைய கீதும்மா" என்றாள் உன் அம்மா. "இவருதான்…"

"அப்ப எங்கள இன்னான்னு நெனச்சிகினு கீறாரு இவரு? பழசக் குத்திக் காட்டறதுக்கா இவ்ளோ தூரம் வரச் சொன்னாரு?"

நான் வேறு விதமாக நினைத்துச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். என்ன நினைத்தேன் என்று எப்படி வாய் திறந்து சொல்வது? நிவேதாவின் அம்மா, "அண்ணி, உடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். நிவேதாவின் அப்பா கீழே கிடந்த பாயின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா எழுந்து உள்ளே போனாள். போனவள் கலக்கிய குண்டானை அப்படியே, ஓரத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் தூக்கி வந்து, நடுவில் 'ணங்' என்று வைத்தாள்.

"இந்தாங்க. கலக்கன ஏனத்தோட வெச்சிட்டேன். இதுக்கு மேல எங்க ஊட்ல ஒண்ணியும் மறைக்கறதுக்கு இல்ல."

அந்த அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். ஒரு கொய்யாத் துண்டை எடுத்துக் குண்டானில் அழுத்தித் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக மென்றார்.

"இனிப்பு கம்மி."

"வெல்லம்மா அது, சக்கர இல்ல."

"இன்னாவா இருந்தா இன்னா, கம்மி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தார். நிவேதாவின் அம்மாவும் எடுத்தார். முறுக்கைத் தோய்த்துக் கடித்துவிட்டு, கடித்த முனையை மறுபடியும் குண்டானில் விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உன் அம்மா சிரித்தாள், அவரும் சிரித்தார். அந்தச் சமயத்தில் எனக்கு உயிர் வந்தது. குண்டானை நிவேதாவின் அப்பா பக்கம் நகர்த்தினேன்.

அவர் கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "எனக்கு சுகர்" என்றார். மறுபடி பாயைப் பார்த்தார். கிளம்பும்போது, "யோசிச்சிச் சொல்றோம்" என்றார். இவ்வளவுதான் நடந்தது.

சுகர் என்றால் சுகர் என்று நானும் இரண்டு நாள் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம்தான் நீ போன் செய்து, நிவேதா அழுவதாகச் சொன்னாய். அப்பாவுக்குச் சுகர் இருப்பது உண்மை, ஆனால் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரு லட்டாவது வாயில் போடாமல் அவர் வந்ததே கிடையாது, இந்த வீட்டில் மட்டும் சாப்பிடவில்லை என்று அவள் சொன்னதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்த நடை. அவர் சாப்பிடாதது வீட்டினாலா, வியாதியினாலா, இல்லை நான் நீட்டிய பேப்பர் கப்பினாலா? கப்பினால் என்றால் உன் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். வீட்டினால் என்றால் அந்தப் பெண் இங்கே வந்தபிறகும் அவள் அப்பா நம் வாசற்படியில் நின்றே பேசிவிட்டுப் போவார். நீ அதைத் தாங்க மாட்டாய். நான் தாங்குவேன், எனக்குப் பழக்கம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். எழுதினால் மனது அடங்கும் என்று டீச்சர் சொன்னார். அடங்கவில்லை. எழுத எழுத அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டதுதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பதற்கு முன்னால் நான் நேரில் கேட்பது நல்லது. நான் பூந்தமல்லிக்குப் போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். மணி நாலு ஆகப் போகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் போன் செய்யாதே. மீதியை நிதானமாகப் படி.

திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில் போனேன். வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே போனேன். இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் போகிறேன், அத்தனை பல் ஆஸ்பத்திரி இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி நிவேதாவின் அப்பா நடத்துகிற மோட்டார் ரிப்பேர் கடையைத் தேடினேன். யாரையும் கேட்கவில்லை. 'மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்று எழுதியிருந்தது, நானே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தபிறகுதான் கால் உள்ளே போகவில்லை. கடையைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி தாண்டிப் போனேன். அவரே வெளியே வந்துவிட்டார்.

"இன்னாண்ணே, போறீங்க வர்றீங்க? பஸ்ஸு நிக்கற எடம் அந்தாண்ட."

"போர்டு படிச்சேன்."

"எங்க போர்டுல இன்னா கீது, நின்னு நின்னு படிக்க?"

"இப்பத்தான் படிக்கக் கத்துக்கினேன். எனக்கு நேரம் ஆவும்."

அவர் சிரித்துவிட்டார். நம் வீட்டுக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வரும் என்றே எனக்குத் தெரியவில்லை. "வாங்க, டீ சாப்புடலாம்" என்று பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, தனக்குச் சர்க்கரை இல்லாமல் என்று சொல்ல வாயெடுத்தார். கடைக்காரர் கையைக் காட்டி, "நீ சொல்லவே வாணாம் நைனா, உங்க அக்கா நேத்தே வந்து மெரட்டிட்டுப் போயிடுச்சி" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டீயைப் பாதி குடிக்கிற வரை அவர் மோட்டாரைப் பற்றியே பேசினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டேன். "எங்க ஊடுன்னுதான் நீங்க சாப்டலியா? மனசுல இருக்கறதச் சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன், பையன் தாங்க மாட்டான்."

ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"வர்ற வழியில அந்த நெனப்பே இல்லன்னு சொன்னா பொய்யி" என்றார். "கார்ல எங்க அக்காதான் சொல்லிச்சி, 'குடுத்தாங்கன்னா சாப்புடணும், முடியாதுன்னா இப்பவே எறங்கிக்கோ'ன்னு. நான் எறங்காம வந்தேன். வந்து பாத்தா நீங்க கப்பு நீட்டறீங்க. நான் மனசுல நெனச்சத நீங்க கடையில காசு குடுத்து வாங்கியாந்து வெச்ச மாதிரி இருந்துச்சி. எனக்குத் தல நிமிர முடியல."

"அதுக்கப்புறம் குண்டான் வந்துச்சே."

"வந்துச்சி. எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறிப்போச்சி. ஆனா போன மாசம் சுகர் ஏறிப்போய் டாக்டர் சத்தம் போட்டு அனுப்பிச்சிட்டாரு. இனிமே இனிப்பத் தொட மாட்டேன்னு அக்கா என்னைக் கோயில்ல நிக்க வெச்சி சூடத்துமேல அடிச்சி சத்தியம் வாங்கிச்சி. பொண்ணுக்குத் தெரியாது, கல்யாண நேரத்துல பயந்துக்கும்னு சொல்லல. அன்னிக்கி அக்கா எனக்கு எதிர்ல குந்திகினு, வேணும்னே ஒவ்வொரு துண்டா தொட்டுத் தொட்டுத் தின்னுது. 'இனிப்பு கம்மி'ன்னு வேற சொல்லுது. நான் பாயப் பாக்காம வேற எதப் பாக்கறது?"

மகனே, நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் முன்பாதியும் உண்மை, பின்பாதியும் உண்மை. பின்பாதியை மட்டும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீயும் நிவேதாவும் உங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது முன்பாதியையும் சேர்த்தே பேசுங்கள். எதிராளி மனதில் இது இருக்கும் என்று நீயாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்கு ஏற்பாடு செய்யாதே. ஏற்பாடு அவரைத்தான் முதலில் குத்தும். கேட்டுவிடு. கேட்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பஸ் வந்து போகிற நேரம்தான். சுகர் ஏறிய விஷயத்தை நீ அவளிடம் சொல்லாதே. இன்று வீட்டுக்குப் போய்த் தானே சொல்லிவிடுவதாக அவர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் அவர் எட்டி, கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பன்னை எடுத்துக்கொண்டார். "பன்னுக்கு சத்தியம் இல்லியா?" என்று கேட்டேன். "பன்னப் பத்தி அக்கா எதுவும் சொல்லல" என்றார். ஒரு துண்டைப் பிய்த்தார். அவருடைய டீ அவர் கையிலேயே இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்புகிற வரை காத்திருந்து, பெஞ்சில் இருந்த என் கிளாஸில், நான் குடித்து வைத்திருந்த பாதி டீயில், பன்னை விட்டுத் தோய்த்து எடுத்தார். சொட்டச் சொட்ட வாயில் போட்டுக்கொண்டார்.

"சக்கர கீற டீயில தோச்சாத்தான் பன்னு" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "அக்காவாண்ட சொல்லிடாதீங்கண்ணே."

"ஒரு துண்டோட நிறுத்திக்குங்க, சம்பந்தி" என்றேன். அந்த வார்த்தை என்னைக் கேட்காமல் வந்துவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை. மீதிப் பன்னைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "தை பொறந்ததும் பையனக் கூட்டிகினு எங்க ஊட்டுக்கு வாங்க, பேசி முடிச்சிடலாம்" என்றார். கடையில் யாரோ மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க, எழுந்து போனார்.

என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் டீ இருந்தது. மேலே பன்னுத் தூள் மிதந்தது. கடைக்காரர், "அத ஊத்திடுங்க பெரியவரே, வேற போட்டுத் தரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அம்மா போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், கடைசித் தாளுக்காக.

உன் அப்பா